இருநூறு நீலப் பேனாவும் ஒரு காட்டு விடுதியும்

முதல் நாள், செப்டம்பர் 21

ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் சின்ன விமானத்துக்கு மாறும் இடத்திலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் அமுக்கினால் அமுங்குகிற துணிப் பையாக இருக்க வேண்டுமாம். அக்காவின் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை, பைகளைச் சோதித்த இளைஞர் பரிதாபமாகப் பார்த்தார். விமானத்தின் வயிற்றில் அது நுழையாது. பெட்டியைப் பாதுகாப்பு அறையில் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து சாமான்களைத் துணிப் பைக்கு மாற்றினோம். இரண்டு புடவை, ஒரு ஜோடி செருப்பு, முடி உலர்த்தி எல்லாம் பெட்டியோடு நின்றுவிட்டன. ஒரு பொட்டலத்தை மட்டும் அக்கா விடவில்லை. அதில் 200 பேனா இருந்தது.

"பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கப் போறேன். அதை இறக்கச் சொன்னா நானும் இறங்கிடுவேன்."

முப்பத்தோரு வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவளிடம் யார் வாதாடுவது? என் தலைவலி மாத்திரை டப்பாவை அழுத்திச் சுருக்கி இடம் பண்ணிக் கொடுத்தேன்.

இந்தப் பயணத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜாம்பியாவின் கிழக்கில், தெற்கு லுவாங்வா தேசியப் பூங்காவின் ஓரத்தில் ஏழே குடில்கள் கொண்ட ஒரு விடுதி. அக்காவின் ஓய்வுக்காக ஒரு பெரிய பயணம் என்று தேடியபோது கண்ணில் பட்டது. பில்லில் ஒரு வரி தனியாக இருந்தது: ஓர் இரவுக்கு ஆளுக்கு 10 டாலர், பக்கத்துக் கிராமங்களின் பள்ளிக்கும் வனவிலங்குப் பாதுகாப்புக்கும். அந்த வரிதான் அக்காவை இழுத்தது. எனக்கு அதே வரிதான் சந்தேகம். நல்ல காரியம் என்ற சர்க்கரையைத் தடவி வாடகையை விழுங்க வைக்கும் வித்தையாக இருக்குமோ என்று.

ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பறந்து ம்ஃபுவேயில் இறங்கினோம். வெயில் அடுப்பு வாய் மாதிரி அடித்தது. பூங்கா வாசல் போகும் சாலை முழுக்கச் சைக்கிள்கள். கரி மூட்டை, கோழிக் கூடை, பின்னால் ஒரு பெண், அவள் முதுகில் சிட்டெங்கே துணியில் கட்டிய குழந்தை, எல்லாம் ஒரே சைக்கிளில். காரோட்டியவர் முதலில் கற்றுக் கொடுத்தது 'முலி ப்வாஞ்சி', அதாவது எப்படி இருக்கிறீர்கள். பதில் 'ந்திலி ப்வினோ'. நன்றிக்கு 'ஸிகோமோ'. அக்கா மூன்றையும் கையில் எழுதிக்கொண்டாள்.

குடிலுக்கு முன்பக்கச் சுவரே இல்லை. ஓலைக் கூரை, கொசுவலைக் கட்டில், நேர் எதிரே ஆறு. செப்டம்பரில் லுவாங்வா இளைத்துப் போய் மணல் திட்டுகளுக்கு நடுவே நெளிந்து கிடக்கிறது. திட்டுகளுக்கு இடையில் கருங்கல் குவியல் போலத் தெரிந்தவை நீர்யானைகள். இருட்டிய பிறகு தனியாக நடக்கக் கூடாது, விசில் அடித்தால் காவலர் வந்து கூட்டிப் போவார் என்றார்கள். இப்போது மணி பத்து. வெளியே கிழட்டு ஆள் வயிறு குலுங்கச் சிரிப்பது போல நீர்யானைகள் சிரிக்கின்றன. அக்கா தூங்கிவிட்டாள். நான் விளக்கை அணைக்கப் போவதில்லை.

இரண்டாம் நாள்

ஐந்து மணிக்குக் கதவே இல்லாத குடிலின் வாசலில் நின்று "ஓடி?" என்று குரல். உள்ளே வரலாமா என்று அர்த்தம். காபியும் கொஞ்சம் கஞ்சியும், ஆறு மணிக்கு ஜீப்.

அக்கா நீலச் சட்டை போட்டிருந்தாள். வழிகாட்டி தலையைச் சொறிந்தார். செட்சி ஈக்கு நீலமும் கறுப்பும் உயிர். அந்த ஈயைப் பிடிக்கப் பூங்காவில் தொங்கவிடும் பொறிகளே நீல, கறுப்புத் துணியில்தான் செய்திருக்கிறார்கள். "அப்போ நானே ஒரு பொறி" என்றாள் அக்கா. மொப்பானி மரக்காட்டுக்குள் நுழைந்ததும் அது உண்மையாகிவிட்டது. துணிக்கு மேலேயே கடிக்கிற ஈ. அடித்தாலும் சாகாது, உதறிக்கொண்டு திரும்ப வரும். என் காக்கிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, 38 டிகிரி வெயிலில் அவள் மூட்டை மாதிரி உட்கார்ந்து வந்தாள்.

ஆனால் பஞ்சுருட்டான்களைப் பார்த்ததும் போர்வை பறந்தது. ஆற்றின் செங்குத்தான மண்கரை முழுவதும் ஓட்டைகள். ஒவ்வொன்றும் ஒரு கூடு. ஆகஸ்ட் கடைசியில் வந்து இங்கே கூடு கட்டும் செந்நிறப் பஞ்சுருட்டான்கள், நூற்றுக்கணக்கில். மீன்பிடிக் கழுகு ஒன்று மேலே வட்டமிட்டதும் கரையே கழன்று பறப்பது போல எல்லாம் எழுந்தன. ரோஜாச் சிவப்பு, தலையில் நீலப் பச்சை. படம் எடுத்தேன், ஒன்றும் சரியாக வரவில்லை. சரி, போகட்டும்.

தேநீர் நிறுத்தத்தில் ஒட்டகச்சிவிங்கிகள் வந்தன. தார்னிகிராஃப்ட் என்ற வகை. இந்த லுவாங்வாப் பள்ளத்தாக்கைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் கிடையாது. முழங்காலுக்குக் கீழே புள்ளி இல்லாமல், வெள்ளைக் காலுறை போட்டது போல இருக்கிறது.

கெட்டில் கொதிக்கும் நேரத்தில் நான் என் சந்தேகத்தை மெல்ல அவிழ்த்தேன். இந்தப் பத்து டாலர் வேலையெல்லாம் இப்போது வந்த பாணியா என்று. வழிகாட்டி சிரித்தார். அவருக்கு இது தாத்தா காலத்துக் கதை. ஆங்கிலேயர் ஆண்ட 1950-ஐ ஒட்டி, நார்மன் கார் என்ற வன அதிகாரி இங்கே குண்டா என்ற இன மக்களின் தலைவரான ந்செஃபுவிடம் போய், மிருகத்தைச் சுடாமல் பார்ப்பதற்கு மட்டும் ஆட்களைக் கூட்டி வருகிறேன், அவர்கள் தரும் பணம் உங்கள் மக்களுக்கு என்று பேசினாராம். வேட்டைக்குத்தான் வெள்ளைக்காரன் பணம் தருவான் என்றிருந்த காலம் அது. முதல் கூடாரம் ந்செஃபு பகுதியில்தான் வந்தது. பின்னால் ஜீப்பை விட்டிறங்கி நடந்து பார்க்கும் சஃபாரியையும் அவர்தான் இங்கே தொடங்கினார். பூங்கா என்று அறிவித்தது 1972-ல். பரப்பு 9,050 சதுர கிலோமீட்டர். வேலி கிடையாது. அந்தக் கடைசிச் செய்தி எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மாலை ஜீப்பில் இருட்டும் வரை இருந்தோம். ஒருவர் விளக்கை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே வந்தார். மான் மேல் மட்டும் வெளிச்சம் விழாமல் விலக்கிக்கொண்டார். பகல் பிராணியின் கண் கூசிவிட்டால், பக்கத்தில் காத்திருக்கும் சிறுத்தைக்கு நாம் விருந்து வைத்த மாதிரி ஆகிவிடுமாம். முள்ளம்பன்றி ஒன்று, புனுகுப்பூனை இரண்டு. சிறுத்தை ஒன்று, சாலை நடுவில் வீட்டுப் பூனை போலப் படுத்துக்கொண்டு எங்களைப் பொருட்படுத்தவே இல்லை. எட்டு மணிக்குள் எல்லா வண்டியும் பூங்காவை விட்டு வெளியேறியாக வேண்டும். ஆகவே அது எழுந்திருக்கும் வரை காத்திருக்க முடியவில்லை.

மூன்றாம் நாள்

இன்று நடை. முன்னால் துப்பாக்கியோடு வனத்துறைக் காவலர், அடுத்து வழிகாட்டி, அப்புறம் நாங்கள், கடைசியில் தேநீர்ப் பையோடு ஒருவர். ஒற்றை வரிசை. பேச்சு கூடாது. எது வந்தாலும் ஓடவே கூடாது. "ஓடினா என்ன ஆகும்?" என்று அக்கா கேட்டாள். "உங்களைத் துரத்தணும்னு அதுக்கு அப்பதான் தோணும்" என்றார் வழிகாட்டி.

ஜீப்பில் பார்த்த காடு வேறு, இது வேறு. காய்ந்த சேற்றில் யானையின் முன்காலடி ஒன்று, வாணலி அளவு. வழிகாட்டி கயிறு எடுத்து அதன் சுற்றளவை அளந்து, கயிற்றை இரண்டு மடங்காக நீட்டித் தன் தலைக்கு மேல் பிடித்தார். ஏறக்குறைய அதுதான் அந்த யானையின் தோள் உயரம். அக்காவுக்கு இது பிடித்துப்போனது. ஐந்தாம் வகுப்புக்கு வட்டம் நடத்த இதைவிடச் சிறந்த வழி உண்டா என்று அரை மணி நேரம் கழித்துக்கூட முணுமுணுத்தாள். பேச்சு கூடாது என்ற விதியை மீறியதற்காகத் துப்பாக்கிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அதே ஒற்றையடிப் பாதையில் வழிகாட்டி குனிந்து எதையோ எடுத்தார். கம்பிச் சுருக்கு. கண்ணி. டயர் கம்பியோ வேலிக் கம்பியோ கிடைத்தால் போதும், பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். இம்பாலா மானுக்காக வைப்பது. ஆனால் கண்ணிக்கு ஆள் தெரியாது. யானைக் குட்டியின் தும்பிக்கையும் காட்டுநாயின் கழுத்தும் அதே கம்பியில்தான் மாட்டும். மாட்டிய பிராணியை மயக்க ஊசி போட்டுக் கம்பியை அறுத்து விடும் கால்நடை மருத்துவர்கள் இங்கே இருக்கிறார்கள். விடுதியின் பத்து டாலரில் ஒரு பகுதி கண்ணி தேடி நடக்கும் ரோந்து ஆட்களுக்குப் போகிறதாம். அவர்கள் கொண்டுவரும் கம்பியைத் தட்டி, மணி கோத்து ம்ஃபுவேயில் பெண்கள் நகை செய்து விற்கிறார்கள்.

"வெச்சவன் மேல கோபம் வரலையா?" என்று கேட்டேன். அவர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். தன் மாமாவும் ஒரு காலத்தில் வைத்தவர்தான் என்றார்.

நான்காம் நாள்

நீளமாக எழுதப் போகிறேன். விடுதியில் மின்சாரம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

வாரத்துக்கு ஒரு முறை மட்டும், பள்ளி நேரம் முடிகிற சமயத்தில், விரும்பும் விருந்தினரைக் கிராமத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். கிளம்பும் முன் விதிகளைச் சொன்னார்கள். வகுப்பு நடக்கும்போது உள்ளே போகக் கூடாது. குழந்தைகளைப் படம் எடுக்கக் கூடாது. மிட்டாய், பேனா, பணம் எதையும் நேரடியாகக் கையில் கொடுக்கக் கூடாது. அக்காவின் முகம் சுருங்கியது. "பேனா தர்றதுல என்ன தப்பு?" நானும் உள்ளுக்குள், பணம் வாங்கும்போது இத்தனை விதி சொல்லவில்லையே என்று நினைத்தேன்.

முதலில் ஒரு வீட்டுக்குப் போனோம். சோளம் ஏப்ரல், மே மாதத்தில் அறுவடையாகி வருடம் முழுக்க வீட்டுக் களஞ்சியத்தில் இருக்கிறது. வேலி இல்லாத பூங்கா என்பதன் அர்த்தம் அங்கேதான் புரிந்தது. இரவில் யானை ஆற்றைக் கடந்து வருகிறது. மூங்கிலும் புல்லும் கொண்டு கட்டிய களஞ்சியத்தை வாசனை பிடித்து, தும்பிக்கையால் ஒரு தள்ளு. ஒரு குடும்பத்தின் எட்டு மாதச் சாப்பாடு அரை மணியில் காலி. அந்த வீட்டம்மாவுக்கு இரண்டு வருடம் முன்பு அப்படி நடந்திருக்கிறது. அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சமையலறைச் சுவர் எந்தப் பக்கம் விழுந்தது என்று கையால் நடித்துக் காட்டினார்.

இப்போது அவர் முற்றத்தில் சிமென்ட் பூசிய செங்கல் களஞ்சியம், பெரிய பானையைக் கவிழ்த்தது போல உருண்டையாக. பிடித்து இழுக்க மூலையே இல்லை. வயல் பருவத்தில் மிளகாய்தான் ஆயுதம். மிளகாய்த் தூளை யானைச் சாணத்தோடு பிசைந்து கட்டியாக்கிக் காயவைத்துக் கொளுத்தினால் புகை யானைக்கு ஆகாது. பழைய என்ஜின் ஆயிலில் மிளகாய் கலந்து தோய்த்த துணியைக் கயிறு வேலியில் தொங்கவிடுகிறார்கள். இதையும் தாண்டி வருகிறவருக்கு, மிளகாய் எண்ணெய் நிரப்பிய பிங்பாங் பந்தைக் குழாயில் வைத்துச் சுடுகிறார்கள். அடி படாது, தும்மல் வரும். ஒரு முறை தும்மிய யானை அந்தப் பக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம்.

மதியம் அங்கேயே ந்ஷிமா. வெண்மையாகக் கிண்டிய சோள மாவு, கீரை, கபென்டா என்ற பொடி மீன். கை கழுவச் செம்பில் தண்ணீர் ஊற்றினார்கள். மற்ற விருந்தினர்கள் கரண்டியைத் தேடியபோது அக்கா மூன்றாவது உருண்டையில் இருந்தாள். வீட்டம்மாவுக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

பிறகு பள்ளி. தகரக் கூரை போட்ட இரண்டு கட்டடம், நடுவில் ஒரு மாமரம். தலைமை ஆசிரியர் எங்களை மரத்தடியில் உட்கார வைத்தார். அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு வேலையே இல்லை. இரண்டு வாத்தியார்கள் பேச ஆரம்பித்தால் மூன்றாவது ஆள் காற்றுதான்.

ஜாம்பியாவில் ஏழாம் வகுப்பு வரை 2002-லேயே கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். மேல்நிலைக்கும் 2022 ஜனவரியிலிருந்து கட்டணம் இல்லை. அதுவரை வெளிநாட்டு விருந்தினர்கள் ஒரு பிள்ளையின் படத்தைப் பார்த்து, அதற்கு வருடக் கட்டணம் கட்டுவதுதான் வழக்கமாம். இப்போது கட்டணமே போனதும் நிறுத்தியிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள். "நல்ல செய்திதான்" என்றார் தலைமை ஆசிரியர், "ஆனா அவங்க உட்கார பெஞ்ச் கூட வரலை." நான்காம் வகுப்பில் ஓர் அறையில் எண்பதுக்கு மேல். காலை ஒரு பாதி, மதியம் ஒரு பாதி என்று பிரித்து நடத்துகிறார்.

அக்கா எந்த மொழியில் நடத்துகிறீர்கள் என்று கேட்டாள். 2014-ல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டப்படி முதல் நான்கு வகுப்பும் அந்தப் பகுதி மொழியில், இங்கே நியாஞ்சாவில். ஐந்தாம் வகுப்பில் ஆங்கிலம். வீட்டில் குண்டா பேசும் பிள்ளைக்கு நியாஞ்சாவும் பக்கத்து வீட்டு மொழிதானே என்றாள் அக்கா. தலைமை ஆசிரியர் ஒரு நிமிடம் அவளைப் பார்த்துவிட்டு, "நீங்க எத்தனை வருஷம் பாடம் நடத்தினீங்க?" என்றார்.

உங்களுக்கு இப்போது மிகவும் தேவை என்ன என்று கேட்டபோது அவர் புத்தகம் என்றோ கம்ப்யூட்டர் என்றோ சொல்லவில்லை. ஆசிரியர் வீடு என்றார். அரசு ஆசிரியரை நியமிக்கிறது. அவர் பஸ்ஸை விட்டிறங்கி, தங்க வீடில்லை, விளக்கில்லை, இரவில் வாசலில் யானை என்று பார்த்துவிட்டு ஒரே பருவத்தில் மாற்றல் வாங்கிப் போய்விடுகிறார். விடுதிப் பணத்தில் இரண்டு வீடு கட்டியிருக்கிறார்கள். இரண்டு அறை, கூரையில் ஒரு சூரியத் தகடு. அந்த இரண்டு வீட்டு ஆசிரியர்களும் நான்கு வருடமாக அங்கேயே இருக்கிறார்கள். அப்புறம் பெண் பிள்ளைகள் தங்க ஓர் அறை. ஏழெட்டு கிலோமீட்டர் விடியலில் நடந்து வருகிற வழியில் யானை நின்றால், அன்றைக்குப் பள்ளி கிடையாது, அவ்வளவுதான். வார நாளில் இங்கேயே தங்கிவிட்டால் அந்தக் கணக்கு மாறுகிறது.

ஆசிரியர் வீட்டைப் படம் எடுத்து யார் சுவரில் மாட்டுவார்கள்? சாம்பல் நிறச் சுவர், ஒரு கதவு, ஒரு கொடிக்கயிறு. அந்த விதிகளின் மேல் இருந்த எரிச்சல் எனக்கு அங்கேதான் தணிந்தது. நமக்குக் கொடுக்கப் பிடிப்பது வேறு, அங்கே தேவைப்படுவது வேறு.

பேனாவை அலுவலக அறையில் கொடுத்தோம். தலைமை ஆசிரியர் ஒரு பெரிய பேரேட்டைத் திறந்து, தேதி போட்டு, 'பேனா, நீலம், 200' என்று எழுதி அக்காவிடம் கையெழுத்து வாங்கினார். மூடும் முன் தயங்கித் தயங்கி, "சிவப்பு ஏதாவது இருக்கா?" என்றார். விடைத்தாள் திருத்த.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "முப்பத்தோரு வருஷம் திருத்தினேன். எனக்குத் தோணலையே!"

ஐந்தாம் நாள்

40 டிகிரி. ஒன்றும் செய்யவில்லை. ஒரு யானை ஆற்றைக் கடந்தது, நாங்கள் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினோம்.

மாலையில் மேலாளரிடம் கணக்கைப் பார்க்கலாமா என்று கேட்டேன். தயங்காமல் எடுத்து வந்தார். சிமென்ட், தகரம், ஆசிரியர் வீட்டுப் பூட்டு வரை வரி வரியாக இருந்தது. எங்கே செலவிட வேண்டும் என்பதை ஏழு பேர் குழு முடிவு செய்கிறது: தலைவரின் பிரதிநிதி, தலைமை ஆசிரியர், கிராமத்தார், விடுதிக்காரர் ஒருவர். எத்தனை பெண்கள் என்று அக்கா கேட்டாள். இரண்டு. "போதாது" என்றாள். அவரும் அதை மறுக்கவில்லை.

எனக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது. 2020-ல் என்ன செய்தீர்கள்? அவர் பேரேட்டைப் பின்னால் புரட்டிக் காட்டினார். மார்ச் வரை வரவு, அதன்பின் பக்கத்துக்குப் பக்கம் சுழியம். விமானம் நின்றதும் விருந்தினர் நின்றார்கள், பத்து டாலரும் நின்றது. பழைய விருந்தினர்கள் சிலர் அனுப்பிய பணத்தில் ரோந்து ஆட்களின் சம்பளம் மட்டும் பாதியாக ஓடியிருக்கிறது. கட்டிக்கொண்டிருந்த வீடு ஜன்னல் மட்டத்தில் இரண்டு வருடம் நின்றது. சாதாரண வருடத்திலும், மழைக்காலத்தில் கரிசல் பாதைகள் சேறாகிப் பல முகாம்கள் மூடிவிடும். பிள்ளைகளுக்கு அப்போதும் பசிக்கும். ஊரையே சுற்றுலாவில் தொங்கவிடுவது சரியா என்றேன். சரியில்லைதான் என்றார். அதனால் இப்போது வரவில் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வைக்கிறார்களாம்.

இந்த ஒரு பதிலுக்காகவே நான் இந்த விடுதியை இன்னொருவருக்குச் சொல்வேன். ஏழு குடிலின் ஆடம்பரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. எங்கள் ஓர் இரவு வாடகைக்கு முன்னால் அந்தப் பத்து டாலர் சின்னதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். அவரிடமே சொன்னேன். விடுதியில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கிராமங்களின் ஆட்கள், அந்தச் சம்பளத்தையும் சேர்த்துப் பாருங்கள் என்றார். பார்த்தேன். உறுத்தல் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

ஆறாம் நாள்

விடியற்காலை கடைசி ஜீப். நீர்யானைகள் மேய்ந்துவிட்டு ஆற்றுக்குத் திரும்பும் நேரம். ஓர் இரவில் நாற்பது கிலோ புல் தின்னும் உடம்பு, காலை வெளிச்சத்தில் வெட்கப்பட்டு ஓடுவது போல ஓடியது. இரண்டாம் நாள் சாலை நடுவே படுத்த அந்தச் சிறுத்தை வரவில்லை.

விமான நிலையம் போகும் வழியில் ஒரு கடையில் சிவப்புப் பேனா தேடினோம். இரண்டாவது கடையில் ஒரு டப்பா கிடைத்தது, பன்னிரண்டு. அக்கா விலையைக்கூடக் கேட்கவில்லை, குவாச்சா நோட்டுகளை நீட்டினாள். காரோட்டியவரிடம் கொடுத்து, பேரேட்டில் எழுதி வாங்கச் சொன்னாள். கட்டாயம் எழுத வேண்டும், வெறுமனே கொடுத்துவிடக் கூடாது என்று இரண்டு முறை சொன்னாள்.

ம்ஃபுவேயில் பையில் கட்டும் சீட்டைக் கையால்தான் நிரப்ப வேண்டும். நான் பையைத் துழாவினேன், அக்கா கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். எங்களிடம் ஒரு பேனா இல்லை.